பிச்சமுத்துவின் மூன்று சக்கரமும் என் இரண்டு விரலும்

என் இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. கேட்பவர்களிடம் "கம்பி தின்றுவிட்டது" என்று சொல்லிவிடுவேன். தோட்டத்து ஆட்களுக்கு அது போதும். மலை உச்சியிலிருந்து தேயிலைக் கொழுந்து மூட்டைகளை ஃபேக்டரிக்கு இறக்குகிற கம்பிவடத்தில் கையைக் கொடுத்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் உண்டு. ஆனால் நான் சொல்வதில் பாதிதான் உண்மை.

இப்போது ஹாலிஎலயில் மகள் வீட்டில் இருக்கிறேன். மருமகன் த்ரீவீலர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். சும்மா இருக்கப் பிடிக்காமல் தினமும் அங்கே போய் உட்காருவேன். போன மாதம் பதுளை ரோட்டு வளைவில் கவிழ்ந்த ஒரு த்ரீவீலரைக் கட்டி இழுத்து வந்தார்கள். கடையில் வேலை செய்கிற மெக்கானிக் அதை நிமிர்த்திக்கொண்டே, "முன்னுக்கு ஒத்தச் சக்கரம் வச்சவன் மலையே பாத்திருக்க மாட்டான் போல. ரெண்ட முன்னுக்கு வச்சு ஒன்னப் பின்னுக்கு வச்சிருக்கணும். நீங்களும் ஃபிட்டர்தானே மாமா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒத்தச் சக்கரத்தை முன்னால் வைத்தவன் நான். இரண்டை முன்னால் வைத்தவன் பிச்சமுத்து. அவன்மேல் நான் பட்ட பொறாமை கொஞ்சநஞ்சமல்ல. எனக்கு எழுபத்தாறு வயதாகிறது. இனி மறைத்து என்ன செய்யப்போகிறேன்? எழுதியே விடுகிறேன்.

எங்கள் தோட்டம் லுணுகலைப் பக்கம். பதினாறு வயதில் ஃபேக்டரி மெஷின்களுக்கு எண்ணெய் விடுகிற ஆளாகச் சேர்ந்தேன். ஐந்து வருஷம் திட்டு வாங்கியே தொழில் படித்தேன். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் என் பேருக்குப் பக்கத்தில் ஃபிட்டர் என்று எழுதினார்கள். எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு ஓட்டு இல்லை என்று சட்டம் ஆனதும் அதையொட்டித்தான். லயத்து வீடுகளில் எல்லோரும் அதைப் பேசிக் கலங்கிக்கொண்டிருந்தபோது, நான் ஃபிட்டர் ஆகிவிட்ட பெருமையில் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். தலைக்கனம் அவ்வளவு.

பெருமைக்கு ஒரு காரணமும் இருந்தது. பித்தளை ஒட்டில் என்னை மிஞ்ச அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஆள் கிடையாது. வெல்டிங் எல்லாம் எங்களுக்கு வராத காலம். இரண்டு இரும்பைச் சேர்க்க வேண்டுமென்றால் உலைதான், பித்தளைதான். ஒட்டும் இடத்தை அரத்தால் ராவி வெள்ளை வெளேரென்று ஆக்க வேண்டும். விரலால் தொடக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிடும். வெங்காரப் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டி, கரி உலையில் வைத்து ஊத வேண்டும். கொழுந்து உருட்டுகிற மேசையில் தேய்ந்துபோன பித்தளைச் சட்டங்கள் இருக்கும். அதில் ஒரு துண்டை வெட்டி நுனியை வைத்தால், இரும்புக்குச் சரியான சூடு ஏறியிருந்தால் பித்தளை உருகி இடுக்குக்குள் தானாக இழுத்துக்கொண்டு ஓடும். சூடு போதாவிட்டால் சேம்பிலையில் விழுந்த தண்ணீர் மாதிரி மேலேயே உருண்டு நிற்கும். அதை ராவிப் பெயின்ட் அடித்துவிட்டால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே பிடித்திருக்கிறதா இல்லையா என்பது ஒட்டியவனுக்கு மட்டும் தெரியும். இந்தக் கடைசி வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டியவனைத் தவிர இன்னொருவருக்கும் தெரியும். அவர்தான் டீமேக்கர் அம்பலவாணர் ஐயா, ஃபேக்டரிக்குப் பெரியவர். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றியில் திருநீறு, சத்தம் போடாத செருப்பு. தேயிலைத் தூளை மோந்து மோந்து பழகிய மனுஷர், எல்லாவற்றையும் மூக்கால்தான் பார்ப்பார். பேரிங் சூடாவது எங்கள் காதுக்கு எட்டுவதற்குமுன் அவர் மூக்குக்கு எட்டிவிடும். ஒட்டின வேலையைக் கொண்டுபோய் வைத்தால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து மோப்பார். வெங்காரம் முழுக்க வெந்திருந்தால் ஒரு மணம், பாதி வெந்திருந்தால் வேறு மணம் என்பார். "சூடு காணாது. திருப்பிச் செய்" என்பதுதான் அவர் அதிகம் பேசுகிற வசனம்.

புகழ்ந்து ஒரு சொல் வராது. வேலை மனதுக்குப் பிடித்துவிட்டால் ஒன்று செய்வார். தேயிலை ருசி பார்க்கிற மேசையில் கைப்பிடி இல்லாத வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்றில் அன்றைய தூளில் நல்லதைப் போட்டு, தானே சுடுதண்ணீர் ஊற்றி, மணி பார்த்து வடித்து, தானே எடுத்துவந்து நீட்டுவார். தோட்டத்தை நடத்துகிற துரை வந்தால் குடிக்கிற தேத்தண்ணீர் அது. ஃபிட்டராகி ஏழு வருஷத்தில் எனக்கு அது மூன்று தரம் கிடைத்திருந்தது. என்ன வேலைக்குக் கிடைத்தது என்று இன்றைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்வேன்.

பிச்சமுத்துவுக்கு வந்த முதல் மாதத்திலேயே கிடைத்தது.

அவன் வேறு தோட்டத்திலிருந்து இரண்டாவது ஃபிட்டராக வந்தான். என்னைவிட நான்கு வயது இளையவன். ஒல்லி, கொஞ்சம் திக்குவாய். "அண்ணே அண்ணே" என்று என் பின்னாலேயே வருவான். பித்தளை ஒட்டு அவனுக்குச் சுத்தமாக வராது, கையில் பொறுமை கிடையாது. ஆனால் ஒரு மெஷின் முன்னால் ஐந்து நிமிஷம் சும்மா நின்றால் அது எப்படி ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்று சொல்லிவிடுவான். கொழுந்து வாட்டுகிற மாடியில் காற்று ஒரு பக்கமே வருகிறது என்று வருஷக்கணக்காக நாங்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தோம். அவன் இரண்டு பலகையை இடம் மாற்றிச் சரிசெய்தான். ஐயா கோப்பையோடு வந்தார். என் வயிறு அன்றைக்கு எரியத் தொடங்கியது.

இனி வண்டிக்கு வருகிறேன். மேல் டிவிசன் என்கிற எங்கள் தோட்டத்தின் மேற்பிரிவு ஃபேக்டரியிலிருந்து ஐந்து மைல் மேலே. துரைமார் குதிரையில் போகவென்று வெட்டிய பாதை, நாலரை அடி அகலம், பத்தொன்பது வளைவு. லொறி ஏறாது. மேலே யாருக்காவது முடியாமல் போனால் கம்பளியைக் கம்பில் தூளியாகக் கட்டி நாலு பேர் தூக்கி வருவார்கள். பிரசவம் சிக்கலாகி வழியிலேயே இறந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு மாசியில் அடுத்தடுத்து இரண்டு பெண்கள் அப்படிப் போனார்கள். இரண்டாவது பெண்ணின் தூளியை ஃபேக்டரி வாசலில் இறக்கியபோது ஐயா வெளியே வந்து பார்த்தார். அன்று மாலை என்னைக் கூப்பிட்டார்.

"உந்தப் பாதையில ஓடுற மாதிரி ஒரு வண்டி செய்யேலுமோ?"

"செய்யலாங்க" என்றேன். பிச்சமுத்துவைக் கேட்காமல் என்னைக் கேட்டாரே என்ற சந்தோஷத்தில், எப்படி என்று யோசிக்கவேயில்லை.

தியத்தலாவைப் பட்டாளத்து முகாமில் ஏலம் போட்ட பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தோட்டத்தில் வாங்கிக் கொடுத்தார்கள். நான் அதன் பின் சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தில் இரண்டு சக்கரமும் ஒரு பெட்டியும் வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆள் பாரத்துக்கு இரண்டு மூட்டை அரிசி மாவைப் பெட்டியில் வைத்து, மேலே இருந்து நானே ஓட்டி இறங்கினேன். பிள்ளையார் கோயில் வளைவில் பிரேக்கைப் பிடித்துத் திருப்பியதும் பின் சக்கரம் ஒன்று நிலத்தைவிட்டு எழும்பியது. அடுத்த நிமிஷம் நான் தேயிலைச் செடிக்கு நடுவில் மாவு பூசிக் கிடந்தேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து, எலும்பு உடையவில்லை என்று தெரிந்ததும் சிரித்தார்கள். "என்ன ஃபிட்டர் அண்ணே, நீங்களும் கொழுந்தெடுக்க வந்துட்டீங்களா?" என்றாள் ஒருத்தி. அந்தப் பேச்சு தோட்டம் முழுக்கச் சுற்றியது.

பிச்சமுத்து சிரிக்கவில்லை. வளைவில் குந்தி, சக்கரம் போன தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் வந்து சொன்னான்.

"எறக்கத்துல பாரம் முன்னுக்குத்தானே ஓடிவருது அண்ணே. ஓடிவர்ற எடத்துல ரெண்டு காலு வேணும்ல. நம்ம ஒத்தக் கால வச்சிருக்கோம். வண்டிய அப்புடியே திருப்பிப்போட்டா என்ன?"

அவ்வளவுதான் விஷயம். எனக்கு அது தோன்றவில்லை. "நம்ம" என்று வேறு சொன்னான். ஐயா என்னிடம் வந்து, "உன்ர சாமான்களை அவனிட்டக் குடு. அவன் செய்து பாக்கட்டும்" என்றபோது தலையாட்டினேன்.

அவன் வேலை செய்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும், பொறாமை இருந்தாலும் கண் இருந்ததே. ஃபேக்டரிக்குப் பின்னால் ஆளுயரக் கினிப்புல்லுக்குள் ஒரு பழைய துரையின் குட்டிக் கார் துருப்பிடித்துக் கிடந்தது. அதன் முன் அச்சைக் கழற்றி, பாதை அகலத்துக்கு ஏற்றபடி நடுவில் ஓரடி அறுத்தெடுத்தான். மோட்டார் சைக்கிளின் முன் பாதியைக் கழித்துவிட்டு, எஞ்சினும் பின் சக்கரமும் சீட்டும் உள்ள பாதியை அந்த அச்சோடு சேர்க்கத் திட்டம். ஓட்டுபவர் பின்னால், படுக்கிறவர் முன்னால், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில்.

திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் டயர் இழுபடும். அதற்கு என்ன கணக்கு என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. கொழுந்து வாட்டும் மாடியின் பலகைத் தரையில் வண்டியை முழு அளவில் சோக்குக் கட்டியால் வரைந்தான். இரண்டு முன் சக்கரமும் திரும்புகிற முளை வரும் இடங்களில் ஆணி அடித்து, நூல் கட்டி, இரண்டு நூலையும் பின் சக்கரத்தின் நடுவில் சேர்த்துப் பிடித்தான். "சக்கரத்தத் திருப்புற ரெண்டு கையும் இந்த நூலு போற சாய்வுலயே இருக்கணும் அண்ணே" என்றான். ஒரு சாண் நீளமுள்ள அந்த இரும்புக் கைகளைத்தான் நாங்கள் ஆர்ம் என்போம். பழைய ஆர்ம் அந்தச் சாய்வுக்கு வராது. புதிதாக இரண்டு அடித்து முளையோடு ஒட்ட வேண்டும்.

"ஒட்டு வேல நீங்கதான் செய்யணும் அண்ணே. எனக்கு வராது. உசுரே அதுலதான் நிக்குது."

வலப்பக்க ஆர்மை ஒட்டினேன். என் வாழ்க்கையில் செய்த நல்ல ஒட்டுகளில் அது ஒன்று. பித்தளை அப்படியே இழுத்துக்கொண்டு ஓடியது. இடப்பக்கத்தை உலையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தேன். இரும்பு சிவந்து வருகிறது, இன்னும் கொஞ்சம் வேண்டும். அப்போது பட்டறை வாசலில் சத்தம் போடாத செருப்பு தெரிந்தது. ஐயா. கையில் வெள்ளைக் கோப்பை.

எனக்குத்தான் என்று நினைத்தேன். வலப்பக்க ஆர்ம் அவர் கண் முன்னால் மேசையில்தான் இருந்தது. அவர் அதைக் கடந்து போய், மூலையில் அச்சுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த பிச்சமுத்துவைக் கூப்பிட்டு, "இந்தா, குடி. மாடியில நூல் கட்டினதைப் பாத்தனான்" என்றார்.

நான் இடுக்கியால் ஆர்மை உலையிலிருந்து எடுத்துவிட்டேன். சூடு போதாது என்று தெரியும். பித்தளையை வைத்தேன், உருண்டு மேலேயே நின்றது. இன்னொரு தரம் உலையில் வைத்தால் கால்மணி நேர வேலை. நான் வைக்கவில்லை. அவன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து உறிஞ்சுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆறவிட்டு, ராவி, கறுப்புப் பெயின்டை எடுத்து மளமளவென்று அடித்தேன். ஐயா மோந்து பார்க்கக் குனிந்து, "இதில பெயின்ட் மணந்தான் வருது" என்று சொல்லி நிமிர்ந்துவிட்டார். நாளைக்குக் கழற்றித் திருப்பி ஒட்டிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நாளை வரவேயில்லை.

வண்டி தயாரானது. முதல் நாள் கால் உடைந்த ராக்கம்மா என்ற பெண்ணை மேல் டிவிசனிலிருந்து இறக்குவதாக ஏற்பாடு. துரை, கங்காணிமார், ஐயா எல்லோரும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்றார்கள். படுக்கும் பலகையை ஓட்டுபவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் தலையும், முன்னால் காலும் வருகிற மாதிரி பிச்சமுத்து அமைத்திருந்தான். நோயாளியின் முகம் கண் முன்னாலேயே இருக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். இதில் என்ன கோளாறு என்று எனக்கு ஒரு வாரத்துக்கு முன்பே தெரியும். சொல்லவில்லை. நான் செடிக்குள் விழுந்த மாதிரி அவனும் ஒருநாள் எல்லோர் முன்னாலும் விழட்டும் என்று காத்திருந்தேன்.

ராக்கம்மா வண்டியைப் பார்த்ததும் கையை உதறினாள். "கால முன்னுக்கு நீட்டிக்கிட்டு நான் வரமாட்டேன். அப்புடிப் போறது பொணந்தான். நான் இன்னும் சாகலய்யா."

கூட்டம் முணுமுணுத்தது. துரை காரணம் புரியாமல் ஐயாவைப் பார்த்தார். பிச்சமுத்து காது வரைக்கும் சிவந்துபோய் நின்றான். எனக்கு உள்ளே குளிர்ந்தது, ஒரு நிமிஷம்தான். அவன் ஸ்பேனரை எடுத்தான். நாலு போல்டைக் கழற்றிப் பலகையைத் திருப்பிப்போட்டு, இறக்கத்தில் தலை தாழாமல் இருக்கத் தலைமாட்டை ஒரு முழம் உயர்த்தினான். ராக்கம்மா ஏறினாள், இறங்கிவந்தாள். தலையும் உடம்பும் முன்பக்கம் போனதால் முன் சக்கரம் இரண்டும் நிலத்தை இன்னும் இறுகப் பிடித்தன. வண்டி முன்பைவிட நன்றாக ஓடியது. சரிவாகப் பின்னோக்கிப் படுத்திருந்ததால் அவள் முகமும் அவனுக்கு நேரெதிரே தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததில் அவன் வண்டிக்கு நன்மைதான் நடந்தது. ஐயா அன்றைக்கும் கோப்பையோடு வந்தார்.

அதற்குப் பிறகு மேல் டிவிசனில் தூளி கட்டவில்லை. வெறும் வண்டியாக மேலே ஏறும்போது தலைமாட்டில் ஒரு சாக்குக் கல்லை வைத்துக்கொள்வான், இறங்கும்போது கல்லுக்குப் பதில் மனிதர். அவன் போகும்போதெல்லாம் எனக்கு இரண்டு விதமாகவும் இருக்கும். ஒட்டு விட்டுவிடுமோ என்று பயம். விடாமல் பத்திரமாக வந்து சேர்ந்தால் ஒரு கடுப்பு. என் மோசமான வேலைகூட அவன் கைக்குப் போனால் நன்றாக நிற்கிறதே என்று கடுப்பு. இப்படியும் ஒரு மனசு இருக்குமா என்று கேட்காதீர்கள், எனக்கு இருந்தது.

ஆவணியில் அவன் மனைவி தெய்வானைக்கு இடுப்பு வலி. தலைப்பிரசவத்துக்கு மேல் டிவிசனில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அவளை இறக்கிவர அவன் வண்டியைக் கிளப்பும்போது நான் முன்னால் போய் நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஐயா பின்னால் வந்து நின்றார். "மெதுவாப் போ" என்றேன், அதுதான் வாயில் வந்தது. "சரிண்ணே" என்றான். நான் பாசத்தில் சொல்கிறேன் என்று நினைத்து அவன் கண் கலங்கியது. பிள்ளை நல்லபடி பிறந்தது. முதல் சர்க்கரையை என் வாயில்தான் போட்டான்.

கார்த்திகை மழையில் மேலே கம்பிவடத்தின் உச்சிக் கப்பி இறுகிவிட்டது என்று ஆள் வந்தது. நான் போனேன். ஈரத்தில் கம்பி வழுக்கி, என் இடது கையைக் கப்பிக்குள் இழுத்துக்கொண்டது. எடுத்தபோது இரண்டு விரலும் நசுங்கித் தோலில் தொங்கின. துண்டால் இறுக்கிக் கட்டினார்கள். ஆளுக்கு ஆள் கூவிக் கீழே செய்தி போனதும் பிச்சமுத்து வண்டியோடு வந்தான். என்னைத் தூக்கிப் பலகையில் சரித்து, கம்பளி போர்த்தி, "ஒன்னும் இல்லண்ணே, கண்ண மட்டும் மூடிறாதீங்க. என் மொகத்தயே பாருங்க" என்றான்.

வேறு எதைப் பார்ப்பது? தலை முன்னால், கால் பின்னால், நேரெதிரே அவன் முகம். இரண்டு வளைவு கடந்தோம். மூன்றாவதில் என் வலது காதுக்குப் பக்கத்தில் ஒரு சத்தம். டிக். நான் திரும்பிப் படுத்திருந்ததால் வண்டியின் இடப்பக்கம் எனக்கு வலப்பக்கம். அடுத்த வளைவில் மறுபடி டிக். ஒட்டு வாய் திறந்து மூடுகிற சத்தம் என்று எனக்கு உடனே தெரிந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது கேட்காது. காலை முன்னால் நீட்டிப் படுத்திருந்தால் எனக்கும் கேட்டிருக்காது. இன்னும் ஆறு வளைவில் பிள்ளையார் கோயில். இப்போது அங்கே செடி கிடையாது, மண் சரிந்துபோய் ஓடைவரைக்கும் வெறும் பள்ளம்.

சொன்னால் வண்டி நிற்கும், கை போகும். சொல்லாவிட்டால் ஒருவேளை கீழே போய்ச் சேரலாம். இன்னும் ஒரு வளைவு வரை அதையே யோசித்தேன், பொய் சொல்லவில்லை. டிக். அவன் மழையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"பிச்ச, நிப்பாட்டு. இடப்பக்க ஆர்ம் விட்டுருச்சு."

நிறுத்தினான். இறங்கிக் குனிந்து ஸ்பேனரால் தட்டினான். நல்ல ஒட்டு மணி மாதிரி சத்தம் கொடுக்கும். இது மொத்தென்றது. கையால் ஆட்டிப் பார்த்தான், ஆடியது. விரிசலுக்குள் பார்த்தான். உள்ளே பித்தளையே இல்லை.

"இது இன்னிக்கு விட்டதில்லண்ணே. பிடிக்கவே இல்ல."

"ஆமா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஒட்டுன அன்னிக்கே."

மழை பெய்துகொண்டிருந்தது. அவன் திக்கினான், வார்த்தை வர வெகு நேரமாயிற்று.

"தெய்வானய இதுலதான் எறக்குனேன்."

நான் கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

என்னைத் தூளியில் தூக்க நாலு பேர் வேண்டும், அந்த மழையில் பாதையில் ஒரு ஆள் இல்லை. அவன் நீளமான ஸ்பேனரை ஆர்மோடு வைத்து, என் சாமான் பையிலிருந்த கம்பியால் சுற்றிக் கட்டினான். எஞ்சினை நிறுத்தினான். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தே வண்டியை இறக்கினான். ஒவ்வொரு வளைவிலும் கல்லை அண்டை கொடுத்து நிறுத்தி, முன்னால் வந்து, இடச் சக்கரத்தைத் தோளால் தள்ளித் திருப்பினான். நாற்பது நிமிஷப் பாதைக்கு மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரமும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே வந்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் ஒரு விரலையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார். ஏன் இவ்வளவு நேரம் என்று அவனைக் கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வழியில மண்ணு சரிஞ்சு கெடந்துச்சுங்க" என்றான் பிச்சமுத்து.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. இந்த நல்ல குணத்திலும் என்னால் அவனை எட்ட முடியாது என்று பொறாமை.

கை ஆறி வேலைக்குத் திரும்பிய அன்று அவன் உடைந்த ஆர்மைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். "இத நீங்கதான் ஒட்டணும். எனக்கு வராது" என்றான். மூன்று விரலால் இடுக்கி பிடித்து ஒட்டினேன். பெயின்ட் அடிக்காமல் ஐயாவிடம் கொண்டுபோனேன். வெகு நேரம் மோந்தார். பிறகு போய்க் கோப்பையோடு வந்து என் கையில் கொடுத்தார். அவன் பார்க்கிறானா என்று திரும்பினேன். அவன் ஆர்மை எடுத்துப்போய் மாட்டத் தொடங்கியிருந்தான். தேத்தண்ணீர் ருசியாக இருந்ததா என்று நினைவில்லை.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஐயாவிடம் இல்லை, துரையிடம் இல்லை, தெய்வானையிடமும் சொன்னதாகத் தெரியவில்லை, ஏனென்றால் அவள் எப்போதும்போல எனக்குச் சோறு கொடுத்தனுப்பினாள். வேலையில் குறை வைக்கவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு வளைவில் குனிந்து பார்த்ததிலிருந்து அவன் என்னை "அண்ணே" என்று கூப்பிடவில்லை. "ஃபிட்டர், அந்த அரத்தக் குடுங்க" என்பான். மரியாதை அப்படியே இருந்தது. நானும் ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். ஒரு தரம் வாய் தவறியாவது வந்துவிடாதா என்று பார்த்தேன். நாலு வருஷத்தில் வரவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவனுக்குப் பூனாகலைப் பக்கம் ஹெட் ஃபிட்டர் வேலை கிடைத்துப் போனான். போகும்போது எங்கள் ஃபேக்டரியில் அந்த இடத்துக்கு என் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருந்தான் என்று ஐயா சொல்லித்தான் தெரியும்.

அதற்கடுத்த வருஷம் ஒரு பல்சக்கரம் இரவல் வாங்க அவன் ஃபேக்டரிக்குப் போக நேர்ந்தது. "வாங்க ஃபிட்டர், உக்காருங்க" என்றான். பல்சக்கரத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்தான். கையைப் பற்றி விசாரித்தான். பிறகு வேலையைப் பார்க்க மெஷினுக்கடியில் போய்ப் படுத்தான். அங்கே அவனுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்க வயதான ஓர் எண்ணெய்க்காரர் இருந்தார். தொந்தி, அரைக்கண் பார்வை, வாய் நிறைய வெற்றிலை. ஒரு தேத்தண்ணீர்க் கேத்தலுக்கு மூக்கு ஒட்டத் தெரியாத ஆள் என்று பார்த்தாலே தெரிந்தது. மெஷினுக்கடியிலிருந்து பிச்சமுத்து சிரித்துக்கொண்டே சொன்னான்.

"அர இஞ்சி ஸ்பேனரக் கேட்டா முக்கா இஞ்சியத் தர்றீங்களே அண்ணே. உங்களோட பெரிய தொல்லண்ணே."

நான் பல்சக்கரத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கிழவரையே பார்த்தபடி நின்றேன். என் ஆயுசில் பட்ட பொறாமைகளிலெல்லாம் பெரியது அவர்மேல் பட்டதுதான்.